டை மலிவாக இருக்கலாம், பித்தளையில் கஞ்சம் வேண்டாம்

துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி இப்பகுதியில் எழுதத் தொடங்கியதிலிருந்து, வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்காகவும் உறவினர்களுக்காகவும் சென்னை வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல ஒரே பொருளைச் சுற்றி வருவதால், இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவில் எஞ்சும் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, டை என்ற எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் (அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகிய மூன்றையும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதே மறுநிரப்பல். அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்யக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. அதைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: என் மகன் டெக்சஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (.308 என்பது தோட்டாவின் வகை; ஒவ்வொரு சுடுதலுக்கும் போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும்) ஒன்று வாங்கியிருக்கிறான். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று மறுநிரப்பலில் இறங்கப் பார்க்கிறான். கடைக்காரர் விலை உயர்ந்த டை செட்டைக் காட்டுகிறாராம். அது அவசியமா? கூடுகளைப் புதிதாக வாங்க வேண்டுமா? — ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

பதில்: டையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் மகனின் விசாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் பச்சை அட்டை பெற்றவராக இருந்தால் கவலையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்குள்ள சில விலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. பலரும் கவனிக்காத செய்தி என்னவென்றால், அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் வெறும் பித்தளைக் கூடு, பிரைமர், குண்டு, வெடிமருந்து ஒவ்வொன்றும் தனித்தனியே அடங்கும். ஆகவே வேட்டை உரிமம் காலாவதியான ஒரு மாதத்தில் நூறு வெற்றுக் கூடுகளை வாங்கி வீட்டில் வைத்திருந்தாலும் அது குற்றமாகிவிடும். குடியேற்ற நிலையையே கெடுத்துவிடக்கூடிய விஷயம் இது. உரிமத்தின் தேதியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் அங்கேயே ஒரு வழக்கறிஞரைக் கேட்கட்டும்.

இனி டை. சுடும்போது எழும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு ஊதிப் பெருத்து, ரைபிளில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பிறகு சற்றே சுருங்கி வெளியே வருகிறது. அப்படிப் பெருத்த கூட்டை மீண்டும் இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுதான் சைசிங் டை. குண்டைக் கூட்டின் கழுத்துக்குள் நேராக இறக்குவது சீட்டிங் டை. ரைபிளுக்கு இந்த இரண்டும் இருந்தால் வேலை நடக்கும். லீ, ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, ரெட்டிங் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் டைகளே அங்கே பரவலாகப் புழங்குகின்றன. வழக்கமான டைகள் அனைத்துக்கும் வெளி மரை ஒன்றுதான்: முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய, எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. எனவே ஒரு நிறுவனத்தின் பிரஸ்ஸில், அதாவது டையைத் திருகிப் பொருத்தும் நெம்புகோல் கருவியில், இன்னொரு நிறுவனத்தின் டை தடையின்றிப் பொருந்தும். பிரஸ் வாங்கிய நிறுவனத்திலேயே டையும் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

இவற்றில் விலை குறைந்தது லீ. விலை குறைந்ததால் தரமும் குறைந்தது என்று தொடங்குபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நான் அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் மலிவான டையையும், அதன் விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய டையையும் ஒரே ரைபிளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். வேட்டைத் துப்பாக்கியில், நூறு கஜத் தூரத்தில், என் கைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. விலை உயர்ந்த சீட்டிங் டைகளில் மைக்ரோமீட்டர் தலை இருக்கும். குண்டின் ஆழத்தை நுட்பமாக மாற்ற அது வசதியானது. போட்டியில் இலக்குச் சுடுபவருக்கு அந்த வசதி பொருளுள்ளது. ஒரே வகைக் குண்டை ஒரே ஆழத்தில் வைத்து ஒரு பருவம் முழுவதும் மான் வேட்டைக்குச் செல்பவருக்கு அது பெட்டியில் தூங்கும் பணம். லீ செட்டுகளில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் உள்ளேயே வந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற பலவற்றில் அதைத் தனியே வாங்க வேண்டும்.

எந்தச் செட் என்ற கேள்விக்கு என் பரிந்துரை, ஃபுல் லெங்த் சைசிங் டை, காலட் நெக் டை, சீட்டிங் டை மூன்றும் சேர்ந்து வரும் லீ டீலக்ஸ் செட். ஃபுல் லெங்த் டை கூடு முழுவதையும் இறுக்குகிறது. அதைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு தடவியாக வேண்டும், இல்லாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். காலட் நெக் டையோ கழுத்தை மட்டும், நடுவில் உள்ள ஒரு கம்பியின் மீது விரல்கள் போல் சுற்றி நின்று இறுக்குகிறது. அதற்கு மசகு தேவையில்லை. பித்தளையும் குறைவாகவே தேய்கிறது. ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் சுட்டு அதே ரைபிளுக்கே திரும்பும் கூடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் காலட் டை, கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவான தோளைத் தொடுவதில்லை. சில முறை சுட்ட பிறகு போல்ட்டை மூடுவது கடினமாகும். அப்போது ஃபுல் லெங்த் டை வேண்டும். அதனால்தான் இரண்டும் உள்ள செட்டைச் சொல்கிறேன். அதே நிறுவனத்தின் இன்னொரு செட்டில் காலட்டுக்குப் பதிலாக, கூட்டின் வாயைக் குண்டின் மீது இறுக்கும் கிரிம்ப் டை இருக்கும். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் தொடங்குபவருக்கு அது தேவைப்படாது. ‘ஸ்மால் பேஸ்’ என்று எழுதியிருக்கும் டையையும் தவிர்க்க வேண்டும். அது தானியங்கி வகை ரைபிள்களுக்காகக் கூட்டின் அடியை இன்னும் இறுக்குவது. உங்கள் மகனின் ரைபிளில் அது பித்தளையின் ஆயுளை வீணாகக் குறைக்கும்.

டையை விட, அதை எவ்வளவு ஆழம் திருகி வைக்கிறோம் என்பதே கூட்டின் ஆயுளை முடிவு செய்கிறது. ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை திருகி, மேலும் கால் சுற்று திருகு என்று செய்முறைத் தாளில் இருக்கும். எந்த ரைபிளிலும் நுழையும்படி செய்ய அது நல்ல வழி. ஆனால் பல ரைபிள்களில் அது தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட தோள் அடுத்த முறை சுடும்போது மீண்டும் முன்னே ஓடுகிறது. அந்த நீட்சிக்கான பித்தளை, கூட்டின் அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து இழுக்கப்படுகிறது. நான்கைந்து முறைகளில் அந்த இடம் மெலிந்து, கடைசியில் கூடு இரண்டாக அறுந்துபோகும். அப்போது பின்பக்கம் கசியும் சூடான வாயு கண்ணுக்கு ஆபத்தானது. தோளை 0.05 மில்லிமீட்டர், அதாவது ஆயிரத்தில் இரண்டு அங்குலம் அளவுக்கு மட்டும் தள்ளினால் போதும். அதை அளக்க, கூட்டின் தோள் வரையிலான நீளத்தைக் காட்டும் ஒரு கேஸ் கேஜும் ஒரு நல்ல வெர்னியர் காலிப்பரும் வேண்டும். டையில் மிச்சம் பிடித்த பணத்தை இந்த இரண்டில் போடச் சொல்லுங்கள்.

கூடுகளைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு மிக மலிவானவை அவர் தம் ரைபிளிலேயே சுட்ட கூடுகள்தாம். நல்ல நிறுவனத்தின் தோட்டாப் பெட்டிகளை, ஒரே வகையாக, ஒரே உற்பத்தித் தொகுதியாக ஐந்து வாங்கினால் நூறு தோட்டா. அவற்றைச் சுட்டுப் பழகிய பிறகு அந்த நூறு கூடுகளும் அவருடைய ரைபிளின் அறைக்கேற்ற உருவத்தில் கையில் இருக்கும். அவற்றின் வரலாறும் முழுவதும் தெரிந்திருக்கும். புதுக் கூடே வாங்க விரும்பினால், அமெரிக்காவின் ஸ்டார்லைன் விலைக்கு ஏற்ற நல்ல தரம். பின்லாந்தின் லாப்புவா விலை கூடுதல். சுவரின் தடிமனும் எடையும் கூட்டுக்குக் கூடு ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் போட்டியாளர்கள் அதை விரும்புகிறார்கள். நன்கு பராமரித்தால் பல முறை தாங்குவதால் ஒரு சுடுதலுக்கான கணக்கில் அது அவ்வளவு விலை உயர்ந்ததும் அல்ல. லாப்புவாக் கூட்டின் கழுத்தருகே நீலமும் பழுப்புமாய் ஒரு கறை தெரியும்; பழைய சரக்கு என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. கழுத்தை மென்மையாக்கச் சூடேற்றியதன் அடையாளம் அது. வேறு பல நிறுவனங்கள் அதை மெருகேற்றி மறைத்துவிடுகின்றன.

கூட்டின் நீளத்தையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், அதைத் தாண்டியவற்றை 2.005 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்வது வழக்கம். வெடிமருந்தின் அளவை மட்டும் நான் இங்கே எழுத மாட்டேன். மருந்து அல்லது குண்டு தயாரித்த நிறுவனத்தின் அச்சிட்ட கையேடு ஒன்றை அவர் வாங்கட்டும். அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து தொடங்கட்டும். நண்பர் சொன்ன அளவை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

கேள்வி: கொழுந்தன் அரிசோனாவில் இருக்கிறார். சுடுகளத்தில் மற்றவர்கள் விட்டுச் செல்லும் கூடுகளை வாளி வாளியாகப் பொறுக்கி வந்து சேர்த்து வைத்திருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் வாங்க வேண்டும் என்கிறார். சரிதானா? — வாசகி, வேளச்சேரி

பதில்: களத்தின் விதி அனுமதித்தால் பொறுக்குவதில் தவறில்லை. ஆனால் அந்த வாளியில் இருப்பவை அனைத்தும் ஒரே பொருள் என்று எண்ணுவது தவறு. நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் எண்ணினேன். பல நிறுவனங்களின் கூடுகளைக் கலந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்து போட்டேன். ஒரு நாள் ஒரு தோட்டாவுக்குப் பிறகு போல்ட்டைத் தூக்குவதே கடினமாக இருந்தது. பிரைமர் தட்டையாகியிருந்தது. கூட்டின் அடியைப் பார்த்தபோது அது இராணுவ உற்பத்தி. 7.62 நேட்டோ இராணுவக் கூடுகள் வெளியளவில் .308 போலவே இருந்தாலும் பெரும்பாலும் சுவர் தடித்தவை. உள்ளே இடம் குறைவு. அதே மருந்து அங்கே கூடுதல் அழுத்தம் தருகிறது. அன்று யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து, தயாரித்தவரைக் காட்டும் அடி முத்திரையைப் பார்க்காமல் ஒரு கூட்டையும் நான் தொட்டதில்லை.

உங்கள் கொழுந்தன் முதலில் அந்தக் குவியலை அடி முத்திரைப்படி பிரிக்கட்டும். சுட்ட பிறகு கூட்டின் வாய் வழியே உள்ளே பார்த்தால், நடுவில் ஒரு துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டன் வகை. பெர்டன் கூட்டில் வழக்கமான டையின் ஊசியால் பிரைமரைத் தள்ள முயன்றால் ஊசி உடையும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். இதில் ஒரு வரலாற்று விநோதம் உண்டு: பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர், ஆனால் அமெரிக்கா முழுவதும் பாக்ஸர் வகையும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பெர்டன் வகையும் நிலைபெற்றன. இராணுவக் கூடுகளில் இன்னொரு தொல்லை, பிரைமரைச் சுற்றி உலோகத்தை அழுத்திப் பூட்டியிருப்பது. அந்தப் பூட்டை ரீமர் அல்லது ஸ்வேஜ் கருவியால் எடுத்தால்தான் புதுப் பிரைமர் நுழையும். அந்தக் கருவிக்கும் அதற்குச் செலவாகும் மணிகளுக்கும் விலை போட்டுப் பார்த்தால், இலவசம் என்ற சொல் அவ்வளவு பொருந்தாது.

பிறகு ஒவ்வொரு கூட்டிலும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிது வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரோடு உரசியபடி இழுக்க வேண்டும். அடிக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் உணர்ந்தால், நான் முந்தைய பதிலில் சொன்ன மெலிவு அங்கே தொடங்கிவிட்டது. வெளியிலும் அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியலாம். அத்தகைய கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட வேண்டும். நசுக்காமல் போட்டால் வேறொருவர் பொறுக்கிவிடுவார். கழுத்தில் வெடிப்பு, பிரைமர் தளர்வாக நுழைவது ஆகியவையும் அவ்வாறே.

இவ்வளவையும் பொறுமையாகச் செய்ய அவருக்கு மனமிருந்தால் அந்த வாளி ஒரு செல்வம்தான். இல்லையென்றால் பழைய பித்தளைக்காரரிடம் எடை போட்டு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஐம்பது புதுக் கூடுகள் வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படத்தில் பார்த்தால் சைசிங் டை சாதாரண வேலையாகத் தெரிகிறது. மைத்துனர் கனடாவில் இருக்கிறார். அவருக்கு இங்கேயே கடைந்து அனுப்பினால் என்ன? — பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. அம்பத்தூரிலும் பாடியிலும் இதைவிடக் கடினமான அச்சுகளைச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி உருவமும் மரையும் உங்களுக்கு அரை நாள் வேலை. கடினம் உள்ளே இருக்கிறது. அடியிலிருந்து தோள் வரை மெல்லிய சரிவு, பிறகு தோளின் கோணம், பிறகு கழுத்து, இம்மூன்றும் ஒரே அச்சில் விலகலின்றி அமைய வேண்டும். அதற்கென வடிவமைத்த ரீமர் இல்லாமல் போரிங் பாரால் அதைப் பிடிப்பது மிகவும் சிரமம். பிறகு கடினமாக்கும்போது எஃகு சிறிது நகரும். அந்த நகர்வைக் கணக்கிட்டு முன்பே அளவு விட வேண்டும். கடைசியில் உட்புறத்தைக் கண்ணாடி போல் மெருகேற்ற வேண்டும். உள்ளே ஒரு கீறல் இருந்தால் அது ஒவ்வொரு கூட்டிலும் நெடுக்காகப் பதியும். இவ்வளவையும் ஒரே ஒரு டைக்காகச் செய்வதற்கும், ஆயிரக்கணக்கில் செய்யும் நிறுவனத்திடம் வாங்குவதற்கும் உள்ள விலை வேறுபாட்டை நீங்களே கணக்கிட முடியும்.

ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுவல்ல. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் தோட்டா என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில், தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சைசிங் டை அந்த வரம்புக்குள் வரும் என்று வாதிடுவது ஓர் அரசு வழக்கறிஞருக்குக் கடினமல்ல. உரிமமின்றித் தயாரிப்பதற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம். உங்கள் பட்டறையையும் அதில் வேலை செய்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். மைத்துனர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து சென்னையிலேயே குடியேறப் போகிறேன். என்னிடம் உள்ள டை செட்டையும், நினைவுக்காகச் சில வெற்றுக் கூடுகளையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? இங்கே ரைபிள் உரிமம் கிடைத்தால் மறுநிரப்பலைத் தொடரலாமா? — வாசகர், அண்ணா நகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ரைபிள் வைத்திருப்பதற்கான உரிமம், தோட்டா தயாரிப்பதற்கான உரிமம் ஆகாது. ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். வெடிமருந்தும் பிரைமரும் வெடிபொருட் சட்டங்களின் கீழும் வருகின்றன. நீங்கள் அங்கே சமையலறைக்குப் பக்கத்து அறையில் செய்த பொழுதுபோக்கை இங்கே வீட்டில் தொடர முடியாது. உரிமம் பெற்றவர் உரிமம் பெற்ற கடையில், உரிமத்தில் குறித்துள்ள எண்ணிக்கைக்குள் தோட்டா வாங்கலாம், அவ்வளவுதான்.

டை செட்டை அங்கேயே நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன சட்ட விளக்கம் உங்கள் பெட்டிக்கும் பொருந்தும். இறக்குமதிக்கும் தனியே உரிமம் கேட்கிறது சட்டம். வெற்றுக் கூட்டைப் பொறுத்தவரை, நாற்பத்தைந்தாம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்குச் சட்டம் பொருந்தாது. தெரிந்தே வைத்திருந்தார் என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனால் இந்த வாதங்களெல்லாம் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியவை. மீனம்பாக்கத்தில் ஸ்கேனர் திரையில் ஒரு தோட்டாவின் உருவம் தெரிந்த நிமிடத்தில் நடப்பவை வேறு. விசாரணை, முதல் தகவல் அறிக்கை, முடக்கப்பட்ட பாஸ்போர்ட் என்று நீளக்கூடிய ஒன்றை ஒரு நினைவுப் பொருளுக்காக வரவழைத்துக்கொள்ள வேண்டாம். வேட்டைக்கோ களத்துக்கோ எடுத்துச் சென்ற பையையே பயணத்துக்கும் எடுத்து வருபவர்கள், அதன் எல்லா அறைகளையும் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூலையில் கிடக்கும் ஒரு கூடு கண்ணில் படாது, ஸ்கேனரில் படும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். எழும்பூர்ப் பக்கம் உள்ள சுடுகளத்தில் சேர்ந்திருக்கிறேன். .22 தோட்டாவை மறுநிரப்ப முடியுமா? — மாணவர், புரசைவாக்கம்

பதில்: சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நடைமுறையில் முடியாது. .22 லாங் ரைபிள் தோட்டாவில் தனியான பிரைமர் இல்லை. வெடிக்கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுற்றிப் பரப்பப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் அடி ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் பற்றவைக்கிறது. நசுங்கிய விளிம்பு திரும்பாது. உங்கள் நிலையில் செலவைக் குறைக்க நல்ல வழி, பத்து மீட்டர் ஏர் ரைபிளில் அடிப்படையை உறுதி செய்துகொள்வது. அதில் சுடும் சிறு குண்டான 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விலை .22 தோட்டாவின் விலையில் சிறு பங்கு. மூச்சு, நிலை, விசையை அழுத்தும் விரல் ஆகிய எல்லாவற்றையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். இரண்டு மூன்று வகைப் பெல்லட்டுகளைச் சிறு டப்பாவாக வாங்கி, உங்கள் ரைபிளில் எந்த வகை இலக்கில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அந்த ஒன்றையே மொத்தமாக வாங்குங்கள்.

கேள்வி: கொலராடோவில் இருக்கும் அண்ணன் மகன் பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்ய இயந்திரம் வாங்க வேண்டும் என்கிறான். நாம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் ஆகாதா என்று கேட்டேன், சிரிக்கிறான். — இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: சிரிக்க வேண்டியதில்லை, நீங்கள் சொன்னதில் வேதியியல் சரியாகவே இருக்கிறது. தோட்டாக் கூடு ஏறக்குறைய எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. உங்கள் விளக்கின் உறவுதான் அது. புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. அமெரிக்காவிலும் பலர் வெந்நீரில் சிறிது சிட்ரிக் அமிலம் கரைத்துக் கூடுகளைச் சில நிமிடங்கள் ஊற வைத்து, நன்றாக அலசி உலர்த்துகிறார்கள். இயந்திரம் இல்லாமல் தொடங்குவதற்கு அதுவே போதும். புளியைவிட அதைச் சொல்வதற்குக் காரணம், புளியின் சக்கை கூட்டுக்குள் தங்கிவிடும் என்பதுதான். இரவு முழுவதும் ஊற விடக் கூடாது; அமிலம் மேற்பரப்பின் துத்தநாகத்தை அரித்து எடுக்கும்; கூடு இளஞ்சிவப்பாக மாறினால் செம்பு மட்டும் மிஞ்சத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒன்றை மட்டும் அவரிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள்: அம்மோனியா கலந்த உலோக மெருகுகளைக் கூட்டில் தடவக் கூடாது. விளக்கில் அதன் தீங்கு வெளிப்படாது; அழுத்தம் தாங்க வேண்டிய கூட்டில் வெளிப்படும். ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டிலேயே இது பெரிய புதிராக இருந்தது. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலேயே மழைக்காலத்தில் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்காலத்து ஈரமும் சேர்ந்து, இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பிளக்கின்றன என்பது 1921-இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர்.

அந்த இறுக்கத்தை நீக்கும் வழி நம் கன்னார்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. பாத்திரத்தைத் தட்டத் தட்டப் பித்தளை விறைத்துப்போகும். அப்போது நெருப்பில் காட்டி மென்மையாக்கிவிட்டு மறுபடி தட்டுவார்கள். இல்லாவிட்டால் விளிம்பு வெடிக்கும். கூட்டின் கழுத்தும் சுட்டுச் சுட்டு, டையில் இறுக்க இறுக்க அப்படியே விறைக்கிறது. சில முறைகளுக்கு ஒரு தடவை கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றினால் ஆயுள் நீளும். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அது மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது. உங்கள் அண்ணன் மகன் அதை அனுபவமுள்ள ஒருவரின் அருகிலிருந்து பார்த்துப் பழகிய பிறகு செய்யட்டும். அதுவரை ஐந்தாறு முறை சுட்ட கூடுகளின் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் தெரிந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை நன்றாக உலர்த்தி, எத்தனை முறை சுட்டது என்று பெட்டியின் மேல் எழுதி வைக்கட்டும்.